தாடை மூட்டு நோவு: அறுவைக்கு இசைவதா, பொறுப்பதா?

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது நம் முன்னோர் வாக்கு. நொறுங்கத் தின்பதற்குப் பல் மட்டும் போதாது. பல்லைத் தாங்கி நிற்கும் தாடையும், தாடையைத் தலையோடு இணைத்து அசைவிக்கும் மூட்டும் செம்மையாக இருத்தல் வேண்டும். பல் வலித்தால் பல் வைத்தியரிடம் செல்ல வேண்டும் என்பதை அறியாதார் இலர். ஆனால் காதுக்கு முன்னே, கன்னத்தின் மேற்கோடியில் நோவு கண்டு, வாய் திறக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒலி கேட்டு, சில நாட்களில் இட்லியைக்கூட விண்டு விண்டு உண்ண வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது என்பது பலருக்கும் தெரிவதில்லை. காது நோவென்று சிலரும், பல் நோவென்று சிலரும், வாயுப் பிடிப்பென்று சிலரும் எண்ணிக் காலத்தையும் பொருளையும் செலவிடுகின்றனர். நோவில்லாத பல்லைப் பிடுங்கிக்கொண்டு, நோவு மட்டும் அப்படியே இருக்கக் கண்டு திகைப்போரும் உண்டு. இறுதியில் "ஆபரேஷன் செய்ய நேரிடலாம்" என்ற சொல் காதில் விழும்போது வீடு முழுதும் கலங்கிப் போகிறது.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் உள்ள திருப்பாலைவனத்தையும், அதற்கு அப்பால் ஏரிக்கரையில் அமைந்த மீனவர் குப்பங்களையும் மனத்திற்கொண்டு இக்கட்டுரையை எழுதுகின்றோம். ஒருகாலத்தில் இவ்வட்டாரத்துத் துணிகள் டச்சுக்காரர் கப்பல்களில் கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்றன. மலாய் மக்கள் உடுக்கும் ஒருவகைக் கைலிக்கு இன்றும் பழவேற்காட்டின் பெயரே வழங்கி வருகிறது. ஆகவே தறியை நம்பி வாழும் நம் அங்கத்தினர்க்கு இவ்வூர்கள் புதியவை அல்ல. தறி, நிலம், ஏரி ஆகிய எதை நம்பி வாழ்பவராயினும் ஒன்று பொது: கை ஓய்ந்தால் அன்றைய வருவாயும் ஓய்ந்துவிடும். எனவே, ஓர் அறுவைச் சிகிச்சைக்கு இசைவதா, பொறுத்திருப்பதா என்னும் வினா இம்மக்களுக்கு வைத்தியம் பற்றிய வினா மட்டுமன்று. குடும்பத்தின் அடுத்த ஆறு மாதங்களைப் பற்றிய வினாவும் ஆகும்.

நாம் சொல்ல விரும்புவது சுருக்கமாக இதுதான். நோவும் ஒலியும் மட்டுமே உள்ள தாடைக்குக் கத்தி முதல் மருந்தன்று. பெரும்பாலோர்க்கு அது தேவைப்படுவதே இல்லை. ஆனால் எலும்போடு எலும்பு ஒட்டி வாய் பூட்டிக்கொண்ட தாடைக்குக் கத்தியன்றி வேறு மருந்தில்லை. அதிலும் குழந்தையாயின் தாமதமே பெருந்தீங்கு. இவ்விரு நிலைகளையும் வேறு பிரித்து அறியாமையால், பொறுக்க வேண்டியவர் அவசரப்படுவதும், விரைய வேண்டியவர் பொறுத்திருப்பதும் நேர்கின்றன.

மூட்டின் அமைப்பு

சுட்டுவிரல் நுனியைக் காதுத் துளைக்குச் சற்று முன்னே வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலின் கீழ் உருண்டையாக ஒன்று நகர்வது புலப்படும். அதுவே கீழ்த்தாடை எலும்பின் குமிழ். அது மண்டையோட்டின் பக்கத்து எலும்பில் உள்ள ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. வாய் திறக்கத் தொடங்கும்போது இக்குமிழ் கதவின் கீல் போலச் சுழலும். மேலும் திறக்கும்போது குழியை விட்டு முன்னோக்கி வழுக்கிச் செல்லும். சுழற்சியும் வழுக்கலும் ஒருங்கே அமைந்த மூட்டு இது. வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு மூட்டுக்கள் இருப்பினும், ஒரே எலும்பின் இரு முனைகள் ஆதலால் ஒன்று அசையாமல் மற்றொன்று அசைய இயலாது. ஒன்றில் ஏற்படும் குறை மற்றதையும் தாக்குவதற்கு இதுவே காரணம்.

குமிழுக்கும் குழிக்கும் இடையே, மெத்தை போல், நார்த்திசுவாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. இத்தட்டு தன் இடத்தைவிட்டு முன்னே நழுவி, வாய் திறக்கும்போது மீண்டும் குமிழின்மேல் ஏறிக்கொள்ளும்போதுதான் 'டக்' என்ற ஒலி எழுகிறது. நழுவிய தட்டு திரும்பி ஏறாமல் வழியை அடைத்துக்கொண்டால் ஒலி நின்று, வாய் பாதியளவே திறக்கும். இதனைத் தாடைப் பூட்டு எனலாம்.

நோவில்லாத ஒலி பலருக்கும் உண்டு. அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தால், நோவு என்பதையே அறியாத பலரிடத்திலும் தட்டு நழுவியிருப்பது தெரிகிறது. ஆகவே படத்தில் குறை தெரிவதனாலேயே அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று கொள்வது தவறு. மேலும், தாடை நோவு என்று வருபவருள் பெரும்பாலோர்க்கு நோவு மூட்டில் பிறப்பதன்று. மெல்லும் தசைகளிலேயே பிறக்கிறது. தசையில் உள்ள நோவை மூட்டை அறுத்துத் தீர்க்க முடியாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் தொழில்களும் தாடையும்

நெசவாளர், அறுந்த இழையை முடிந்தபின் மிஞ்சிய நுனியைப் பல்லால் கடித்து நறுக்குவது வழக்கம். வலை பழுது பார்க்கும் மீனவரும் நைலான் இழையை அவ்வாறே கடிப்பர். பழவேற்காடு, எண்ணூர்ப் பகுதிகளின் உப்பங்கழிகளில் இருளர் பெண்கள் நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இரு கைகளும் நீருக்குள் வேலை செய்வதால், பிடித்த இறாலை இடும் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வதும் உண்டு. மணிக்கணக்காகத் தாடையை இறுக்கி வைத்திருக்கும் இத்தகைய வேலை, ஏற்கனவே நொந்த தாடைக்கு நன்மை செய்யாது. கவலையினால் பகலில் பல்லை இறுகக் கடித்திருப்பதும், உறக்கத்தில் பல்லை நறநறப்பதும் அவ்வாறே தாடைத் தசைகளைச் சோர்வுறச் செய்வன. இந்நோவு ஆடவரைக் காட்டிலும் பெண்டிரிடமே மிகுதி.

இப்பழக்கங்களே நோய்க்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. இந்நோவுக்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட இயலாது. ஆயினும் நோவு கண்டவர் முதலில் செய்ய வேண்டியது தாடைக்கு இவ்வேலைகளிலிருந்து ஓய்வு கொடுப்பதே. தறியருகில் ஒரு சிறு கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதற்கும், கூடையைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொள்வதற்கும் பெருஞ்செலவு ஆகாது.

முதலில் விலக்க வேண்டியவை

வாய் திறக்கவில்லை என்பது பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். எனவே மூட்டு நோய் என்று முடிவு செய்வதற்கு முன் சிலவற்றை விலக்கிக்கொள்ளுதல் அவசியம்.

காயம் பட்ட சில நாட்களுக்குப் பின் தாடை இறுகி, கழுத்தும் முதுகும் விறைத்தால் அது இசிவு நோயாக, அதாவது டெட்டனஸாக இருக்கலாம். கெளிற்று முள்ளும், சிப்பி ஓடும், மண்வெட்டியும் காலைக் கிழிக்கும் தொழில் செய்வோர் இதனை மறத்தலாகாது. அது ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோய். நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ தாடையில் நோவு தோன்றி, மார்பில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால், அது இருதய நோயின் குறியாக இருக்கலாம். அதற்கும் அதே விரைவு வேண்டும். கடைவாயில் ஞானப்பல் முளைக்கும் இடத்தில் சீழ் பிடித்தாலும் வாய் திறப்பது குறையும்.

இன்னொன்று, பாக்கையும் பாக்குக் கலந்த பொட்டலங்களையும் ஓயாது மெல்லுவோர்க்கு வருவது. காரம் பட்டால் வாய் எரியும். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக விறைத்து, வாய் சிறுகச் சிறுகச் சுருங்கும். இது மூட்டு நோய் அன்று. புற்றாக மாறவல்ல நோய் இது. பாக்கை அடியோடு விட்டு, காலம் தவறாது வைத்தியரிடம் காட்டி வருதல் வேண்டும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். தம் கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே செலுத்திப் பார்க்க வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் திறப்பு நன்று. ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் எனலாம். இரண்டு விரலுக்கும் குறைந்தால் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஒரு விரலும் நுழையாவிடில் ஒத்தடத்தோடு காலம் போக்கலாகாது.

பொறுமை எனும் மருந்து

மேற்கண்டவை யாவும் இல்லை, மூட்டும் தசையுமே நோகின்றன என்று வைத்தியர் உறுதி செய்தால், முதற் சிகிச்சை மிக எளியது. சில வாரங்களுக்கு முறுக்கு, கரும்பு, கடினமான இறைச்சி முதலியவற்றை விலக்கி, குழைந்த சோறும் களியும் கூழும் போன்ற மெல்லிய உணவைச் சிறு கவளமாக உண்ண வேண்டும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை பத்துப் பதினைந்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். கொட்டாவி வரும்போது மோவாய்க்குக் கீழே கையைத் தாங்கலாகக் கொடுக்க வேண்டும். உண்ணாத நேரங்களில் உதடுகள் சேர்ந்தும் பற்கள் சேராமலும் இருப்பதே தாடையின் இயல்பான ஓய்வு நிலை என்பதை நினைவில் வைத்து, அவ்வப்போது தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும்.

நோவு சற்றுத் தணிந்ததும், நாவின் நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி மெல்ல வாயைத் திறந்து மூடும் பயிற்சியைத் தொடங்கலாம். இயன்முறை வைத்தியர் ஒருவரிடம் ஒருமுறையேனும் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் இடம் பெற்றது. ஆகவே இதைப்பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். நோவு நீக்கும் மாத்திரைகளை வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டுமே உட்கொள்ள வேண்டும். கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் மிஞ்சும்.

இவ்வாறு செய்து வருவோருள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குணம் அடைகின்றனர். தறியில் ஓரிடத்தில் சிக்கு விழுந்தால், சிக்கை எடுக்கும் வழிகள் யாவும் தீர்ந்த பின்னரே பாவை அறுக்கத் துணிவோம். அறுத்த பாவையேனும் மீண்டும் பிணைக்கலாம். அறுத்த மூட்டை முன்போல ஆக்குதல் எளிதன்று.

கத்தி கற்ற பாடம்

தாடை பிறழ்ந்தால் கையால் அழுத்திச் சேர்க்கும் முறையை நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையும் கிரேக்க நாட்டு ஹிப்பாகிரட்டீஸின் நூல்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கூறியுள்ளன. மூட்டைத் திறந்து, நழுவிய தட்டைத் தைத்து நிறுத்தும் அறுவையை ஸ்காட்லாந்தின் தாமஸ் அன்னண்டேல் 1887-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஜப்பானியரான ஓனிஷி 1975-இல் இம்மூட்டுக்குள் சிறு குழாய் செலுத்திப் பார்க்கும் வழியைக் காட்டினார். பூட்டிக்கொண்ட மூட்டை இரண்டு ஊசிகளின் வழியாக நீர் செலுத்திக் கழுவும் முறையை, 1991-இல் நிட்சான் என்னும் பெண் வைத்தியரும் அவர் துணைவர்களும் எழுதினர். இவ்வாறு கத்தியின் அளவு வரவரச் சிறுத்து வந்திருப்பது கவனிக்கத் தக்கது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பழுதான தட்டை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு ஒன்றை வைக்கும் சிகிச்சை அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெருகியிருந்தது. வைடெக் என்னும் நிறுவனத்தார் செய்த இத்தட்டுக்கு 1983-இல் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் அதனை ஏற்றுக்கொண்டனர். முதற் சில காலம் யாவும் நலமாகவே தோன்றியது. ஆனால் மெல்லுகின்ற அழுத்தம் தாங்காமல் அத்தட்டு நாளடைவில் துகள் துகளாக உதிர்ந்தது. அத்துகள்களை எதிர்த்து உடல் நடத்திய போரில் மூட்டு எலும்பே அரித்துப் போயிற்று. சிலருக்கு அவ்வரிப்பு மண்டையோட்டின் அடித்தளம் வரை சென்றது. 1990-இல் நிறுவனம் நொடித்தது. அவ்வாண்டின் இறுதியில் அரசின் உணவு மருந்துத் துறை வைத்தியர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நோவு தீர வேண்டும் என்று ஒரு முறை கத்திக்கு உட்பட்டவர் பலர், அதன் விளைவைத் தீர்க்கப் பலமுறை கத்திக்கு உட்பட நேர்ந்தது.

இதிலிருந்து நாம் கற்கத்தக்கது, புதியது யாவும் தீது என்பதன்று. இன்றைய செயற்கை மூட்டுக்கள் வேறு பொருளால், வேறு முறையில் செய்யப்படுவன. "அறுவை செய்துகொண்டவர் ஆறு மாதத்தில் எப்படி இருந்தார்" என்று மட்டும் கேட்காமல், "ஐந்து ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார்" என்று கேட்க வேண்டும் என்பதே அப்பாடம்.

அக்கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. தாடைப் பூட்டு நோயாளிகள் 106 பேரை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் அறிவுரையும், இரண்டாம் பிரிவினர்க்குப் பயிற்சியுடன் கூடிய சிகிச்சையும், மூன்றாம் பிரிவினர்க்குக் குழாய்வழி அறுவையும், நான்காம் பிரிவினர்க்கு மூட்டைத் திறந்து செய்யும் அறுவையும் அளித்தனர். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் நான்கு பிரிவினரும் முன்னேறினர். பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. கத்தியால் பெற்ற குணத்தைக் கத்தியின்றியும் பெற முடிந்தது என்பதே இதன் பொருள்.

2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த வழிகாட்டுதலும் இதனை ஒட்டியதே. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தாடை நோவுக்குத் தாடைப் பயிற்சி, கைவைத்துச் செய்யும் இயன்முறைச் சிகிச்சை, மனத்தையும் பழக்கத்தையும் சீர் செய்யும் ஆலோசனை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. நோவுக்காக மூட்டின் தட்டை எடுத்துவிடும் அறுவையை அது அழுத்தமாக மறுக்கிறது. மூட்டைக் கழுவும் முறையையும், இரவில் அணியும் பல் உறையையும் நோவுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் இவற்றை மறுப்பதில் அத்துணைக் கடுமை காட்டவில்லை. பூட்டிக்கொண்ட மூட்டைத் திறக்கக் கழுவும் முறையை இன்றும் கையாளும் வல்லுநர் பலர் உளர் என்பதையும் இங்கே சொல்லுதல் முறை.

தாமதிக்கலாகாத நிலை

இனி மறுபக்கத்தைக் காண்போம். குழந்தை திண்ணையிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுகிறது. மோவாயில் அடிபட்டுத் தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் தையல் போட்டுப் புண் ஆறிவிடுகிறது. ஆனால் மோவாயில் பட்ட அடி தாடை எலும்பின் வழியே மேலேறிக் காதருகிலுள்ள குமிழை முறித்திருக்கக்கூடும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நோவு காரணமாகக் குழந்தை தாடையை அசைக்காமலே இருக்கிறது. உள்ளே கசிந்து உறைந்த இரத்தம் நாளடைவில் எலும்பாக மாறி, தாடையையும் மண்டையோட்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. நடுக்காதில் பிடித்த சீழ் மூட்டுக்குப் பரவினாலும் இதே முடிவு நேரலாம்.

மூட்டுப் பிணைப்பு எனத்தக்க இந்நோய் மேலைநாடுகளைவிட நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது. வாய் ஒரு விரல்கூடத் திறவாத குழந்தை கஞ்சியை உறிஞ்சி வாழ்கிறது. பல் துலக்க இயலாமையால் பற்கள் சொத்தையாகின்றன. வளர வேண்டிய எலும்பின் முனை கெட்டமையால் மோவாய் உள்வாங்கி, முகம் ஒரு பக்கம் கோணுகிறது. பின்தங்கிய தாடை மூச்சுக்குழலை நெருக்க, உறக்கத்தில் மூச்சு அடைபடுகிறது. இக்குழந்தைக்கு ஒத்தடமும் பயிற்சியும் பயன்படா. "பெரியவனானால் சரியாகிவிடும்" என்பது இங்கே பொருந்தாது. ஆண்டு செல்லச் செல்ல முகக் கோணலும் மூச்சுத் தடையும் மிகும்.

இதற்கான அறுவை முறையை 1990-இல் அமெரிக்க வைத்தியர் லெனார்ட் கேபனும் அவர் துணைவரும் படிப்படியாக வகுத்தனர். 2009-இல் குழந்தைகளுக்கென அதனைத் திருத்தி வெளியிட்டனர். பிணைந்த எலும்பை முழுதும் நீக்குதல், தடையாயிருக்கும் பக்க எலும்பு முனையையும் நீக்குதல், மீண்டும் ஒட்டாதபடி இடையே தசையுறை முதலியவற்றை வைத்தல், தேவையானால் விலா எலும்பின் முனையை எடுத்துப் புதுக் குமிழாகப் பொருத்துதல் ஆகியவை அதன் முதற் படிகள். இறுதிப் படி வைத்தியர் கையில் இல்லை. தாயார் கையில் உள்ளது. அதுவே வாய் திறக்கும் பயிற்சி. அறுவை முடிந்து சில நாட்களிலேயே தொடங்கி, பல மாதங்கள், நாளைக்குப் பலமுறை, குழந்தை அழுதாலும் விடாமல் செய்விக்க வேண்டும். இதனைக் கைவிட்டால் எலும்பு மீண்டும் பிணைந்துகொள்ளும். இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினம். ஆகவே இச்சிகிச்சைக்கு இசையும் பெற்றோர் ஒரு நாள் அறுவைக்கு மட்டும் இசையவில்லை, ஓராண்டு உழைப்புக்கும் சேர்த்தே இசைகின்றனர் என்பதை முன்னரே உணர்தல் வேண்டும்.

மோவாயில் அடிபட்ட எந்தக் குழந்தையையும், புண் ஆறிய பின்னும், வாய் மூன்று விரல் திறக்கிறதா என்று சில வாரங்கள் கவனித்து வாருங்கள். குறைந்து வருமானால் உடனே காட்டுங்கள். அடிபட்ட வாரத்திலேயே அறிந்தால், பல குழந்தைகளுக்கு முறையான பயிற்சியே இத்துன்பத்தைத் தடுத்துவிடக்கூடும்.

பெரியவர்களிலும் அறுவை நியாயமாகும் நிலைகள் உண்டு. மூட்டில் கட்டி வளர்தல், முடக்கு வாதம் முதலியவற்றால் மூட்டு அழிந்து பற்களின் கடி மாறிப்போதல், அடிக்கடி தாடை பிறழ்ந்து விழுதல், சில வகை எலும்பு முறிவுகள் ஆகியன அத்தகையவை. இவையன்றி, மூட்டே நோவின் இடம் என்று சோதனையும் படமும் ஒருங்கே காட்ட, ஆறு மாதம் போல முறையான சிகிச்சை செய்தும் வாய் திறவாமலும் நோவு தணியாமலும் இருப்பவர் சிலரும் இதில் அடங்குவர்.

கையொப்பம் இடுமுன் கேட்க வேண்டியவை

வைத்தியரிடம் வினவுவது மரியாதைக் குறைவு என்று நம்மவர் எண்ணுவதுண்டு. அவ்வாறன்று. இசைவுப் பத்திரத்தில் கையொப்பம் இடுபவர் அதன் பொருளை அறிந்து இட வேண்டும் என்பதே சட்டமும் வைத்திய அறமும் கூறுவது. கீழ்க்காணும் வினாக்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

1. நோவு தசையிலா, மூட்டிலா? மூட்டில்தான் என்பது எவ்வாறு தெரிகிறது?

2. அறுவை செய்யாமல் ஆறு மாதம் பொறுத்தால் என்ன கெடும்? ஒன்றும் கெடாது என்றால் பொறுப்பதில் நட்டமில்லை.

3. இதனினும் சிறிய சிகிச்சை உண்டா? அதை முதலில் முயன்று பார்த்தோமா?

4. எதற்காக இவ்வறுவை? நோவு தீரவா, வாய் திறக்கவா? வாய் திறப்பதற்கென்று செய்யும் அறுவை நோவையும் தீர்க்கும் என்பது உறுதியன்று.

5. முகத்தை அசைக்கும் நரம்பு மூட்டின் அருகே செல்கிறது. புருவம் உயராமலோ கண் முழுதும் மூடாமலோ போகும் அபாயம் எவ்வளவு? அது தானே சரியாகுமா? பற்களின் கடி மாறுமா?

6. இவ்வறுவையை இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? சில ஆண்டு கழிந்தபின் அவர்கள் எப்படி உள்ளனர்?

7. எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும்? எத்தனை வாரம் வேலைக்குச் செல்லலாகாது? எத்தனை மாதம் பயிற்சி?

விடைகள் தெளிவாக இல்லையெனில் மற்றொரு வைத்தியரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. நல்ல வைத்தியர் அதற்காகச் சினம் கொள்ளமாட்டார். மூட்டை அறுப்பது மட்டுமன்று, கடியைச் சரி செய்வதாகச் சொல்லி நல்ல பற்களைத் தேய்ப்பதும் பிடுங்குவதும்கூடத் திரும்பப் பெற முடியாத செயல்களே. அவற்றுக்கும் இவ்வினாக்களே பொருந்தும்.

வழியும் செலவும்

திருப்பாலைவனத்தார்க்கு முதற்படி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும், பொன்னேரி அரசு மருத்துவமனையும். பொன்னேரியில் புறநகர் இரயில் ஏறினால் சென்னை. அங்கே கோட்டை இரயில் நிலையத்தருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது. வாய், முகம், தாடை அறுவைக்கென அங்குத் தனித்துறை உண்டு. தாடை மூட்டு அறுவை பற்றிய எந்த முடிவையும் இத்துறை வல்லுநர் ஒருவரைப் பார்த்த பின்னரே எடுக்க வேண்டும் என்பது நமது துணிபு.

2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உரிமை பெற்ற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. தமக்குச் சொல்லப்பட்ட அறுவை அப்பட்டியலில் உள்ளதா என்பதை, தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு உதவி மேசையில் கேட்டறிய வேண்டும். வட்டிக்கு வாங்கி, நகையை அடகு வைத்த பின்னர் கேட்பதில் பயனில்லை.

காப்பீடு கொடுக்காத செலவு ஒன்று உண்டு. அது வேலையற்ற நாட்கள். பழவேற்காட்டு மீனவர், ஏரியில் வலை கட்டும் இடங்களை 'பாடு' என்னும் முறையால் தமக்குள் பகிர்ந்து, முறை வைத்துத் தொழில் செய்கின்றனர். தம் முறை வரும் நாளில் படுக்கையில் இருப்பவருக்கு அந்நாளின் வருவாய் திரும்பி வராது. நெசவாளர்க்குத் தறியில் ஏற்றிய பாவும், உழவர்க்கு நடவும் அறுப்பும் அவ்வாறே. அவசரமில்லாத அறுவையாயின், தொழில் ஓயும் மாதம் பார்த்துத் தேதி கேட்பதில் யாதொரு குற்றமும் இல்லை; பெரும்பாலும் மருத்துவமனையார் அதற்கு இசைவர். ஆனால் குழந்தையின் மூட்டுப் பிணைப்புக்கு இவ்விதம் நாள் பார்த்துத் தள்ளிப் போடலாகாது. அக்குடும்பத்துக்கு வேண்டியது, பயிற்சிக் காலம் முழுதும் தாயின் வேலைச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் உற்றார். சிக்கனச் சேமிப்பும் அண்டை அயலார் உதவியும் பயன்பட வேண்டிய இடம் அதுவே.

அன்பர்கள் வீட்டில் எவருக்கேனும் காதருகே நோவு கண்டால், முதலில் மூன்று விரலை வைத்துத் திறப்பை அளந்து, தேதியுடன் குறித்துவையுங்கள். வாரத்துக்கொரு முறை மீண்டும் அளந்து பாருங்கள். திறப்பு கூடி வருமானால், பொறுமை பலிக்கிறது என்று தைரியம் கொள்ளலாம். குறைந்து வருமானால், அக்குறிப்புடன் வைத்தியரிடம் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு குறைந்தது என்பதை உங்கள் கணக்கிலிருந்தே அவர் அறிந்துகொள்வார்.